இஞ்ஞாசிமுத்துவின் இரண்டாள் ரம்பம்

பீடோங் வட்டாரத்தில் பழைய செயின்சா, அதான் எஞ்சின் ரம்பம், என்று யார் வாயைத் திறந்தாலும் இஞ்ஞாசிமுத்து வீட்டைத்தான் கைகாட்டுவார்கள். கைகாட்டும்போதே சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மரம் சாய்க்கிறவன் வீட்டில் ஒரு ரம்பம் இருக்கும், மிஞ்சிப்போனால் இரண்டு. இந்த மனிதனோ கோழிக்கூண்டிலிருந்து கோழிகளை விரட்டிவிட்டு அங்கே ரம்பங்களை அடுக்கி வைத்திருந்தான். இங்கிலாந்துக்காரன் செய்தது, ஜெர்மன்காரன் செய்தது, கனடாவிலிருந்து கப்பலில் வந்தது என்று எல்லாமே ஐம்பதுகளில் வெள்ளைக்கார துரைமார் வாங்கி, அடித்து வேலை வாங்கி, தூக்கிப் போட்டுவிட்டுப் போனவை. போக்கிடமில்லாத கோழிகள் சமையற்கட்டுக்குள் வந்து முட்டையிட்டன. அவன் மனைவி லூர்து மேரி அரிசிப் பானையில் கையை விட்டால் முட்டை வரும்.

"இந்த வூட்ல எதுக்கு எது எடம்னு ஒண்ணும் கெடையாதா?" என்று அவள் கத்துவாள்.

"கோழி எங்க வேணாலும் முட்ட போடும் மேரி. ரம்பம் மழைல நனைஞ்சா துரு புடிச்சிடும் லா."

அப்படிப்பட்ட ஆள். திருத்த முடியாது.

அவன் பிறந்து வளர்ந்தது மேட்டுக்காட்டுத் தோட்டத்தில். மீசை அரும்பிய நாளிலிருந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டினான். எழுபதுகளின் தொடக்கத்தில் கிழட்டு ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்ப்பனை நடத் தொடங்கினார்கள். சமதரையில் டிராக்டர் வந்து தள்ளியது. டிராக்டர் ஏறாத மேட்டுச் சரிவுக்கு ஆள் தேவைப்பட்டது. அந்த வேலையைக் குத்தகைக்கு எடுத்த சீன முதலாளி, தவுக்கே ஆ செங், பால் வெட்டுகிறவர்களிலேயே உடம்பில் வலுவுள்ள சிலரைப் பொறுக்கி, ஒற்றை ஆள் பிடிக்கும் சின்ன ரம்பங்களைக் கையில் கொடுத்தான். இஞ்ஞாசிமுத்துவும் போனான். வரிசை வீட்டில் அவனுக்குச் சுவரொட்டிய வீட்டுக்காரன் பக்கிரிசாமியும் போனான்.

எழுபத்திரண்டில், குருண் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் துரை ஊருக்குக் கப்பலேறியதும் ஸ்டோரைக் காலி செய்தார்கள். மூலையில் சாக்கு மூடிக் கிடந்தது ஒரு ரம்பம். ஒரு முனையில் எஞ்சினும் மாட்டுக் கொம்பு மாதிரி இரண்டு கைப்பிடியும். அங்கிருந்து ஆள் உயரத்துக்கு நீளும் இரும்பு அலகு, அதைச் சுற்றிப் பல் சங்கிலி. அலகின் மறுமுனையில் கழற்றி மாட்டும் இன்னொரு கைப்பிடி. இந்தப் பக்கம் ஒருவன், எதிர்ப்பக்கம் ஒருவன் நின்றால்தான் வேலை நடக்கும். பழைய இரும்புக்குப் போகவிருந்ததை இஞ்ஞாசிமுத்து தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் கையைக் காலைப் பிடித்து வாங்கிவிட்டான்.

அதை அவன் பஸ்ஸில் கொண்டுவந்த கூத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. கண்டக்டர் பரஞ்சோதி வாசலிலேயே மறித்தான்.

"என்னாண்ணே இது, பீரங்கியா?"

"ரம்பம் தம்பி."

"இது ஆளு ஏறுற பஸ்ஸுண்ணே. லோரி இல்ல."

"அதுக்கும் டிக்கெட் போடு."

பரஞ்சோதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, போட்டான். ரம்பம் சீட்டில் உட்கார்ந்து வந்தது, இஞ்ஞாசிமுத்து நின்றுகொண்டு வந்தான். பக்கத்தில் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போன அம்மாளின் வெள்ளைச் சேலையில் பழைய எண்ணெய் ஒழுகி, அந்த அம்மாள் பீடோங் வரை அவன் பரம்பரையையே இழுத்து வைத்து ஏசிக்கொண்டு வந்தாள். அவன் காதில் ஒன்றும் ஏறவில்லை. அப்போது காது நன்றாகவே கேட்டது, இருந்தாலும் ஏறவில்லை. கண்ணெல்லாம் ரம்பத்தின் மேல்.

பிஸ்டன் இறுகிப் போயிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போட்டான். லூர்து மேரி அடுப்புப் பற்றவைக்கப் போனால் தகரத்தில் ஒரு சொட்டு இல்லை. அன்றைக்கு அவன் வாங்கிய ஏச்சுக்குக் குறைவில்லை. ஊறிய பிஸ்டனை மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டி இறக்கினான். கார்புரேட்டருக்குள் மிதக்கும் பித்தளைக் குமிழை வெந்நீரில் முக்கி, எங்கிருந்து காற்றுக் கொப்புளம் கிளம்புகிறது என்று பார்த்து அந்த ஊசி ஓட்டையை ஈயம் வைத்து அடைத்தான். கேஸ்கெட்டுக்கு அட்டை வேண்டியிருந்தது. வீட்டில் இருந்தது மாதா படம் போட்ட காலண்டர்தான். "படத்துல கத்தரி பட்டுச்சு, அப்புறம் நடக்குறதே வேற" என்றாள் மேரி. தேதி கிழித்த அடிப்பகுதியை மட்டும் வெட்டிக்கொண்டான். பிஸ்டன் வளையத்துக்கு ஏதோ ஒரு மோட்டார் சைக்கிள் வளையத்தை வாங்கி, அரத்தால் ராவி ராவிப் பொருத்தினான்.

ஈஸ்டர் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை கயிற்றை இழுத்தான். இழுத்தான், இழுத்தான், தோள் கழன்றதுதான் மிச்சம். வேடிக்கை பார்த்தவர்கள் கலைந்து போகத் தொடங்கியபோது ரம்பம் ஒரு தும்மல் தும்மியது. பிறகு வரிசை வீடு முழுவதும் புகை, சத்தம், நாய் குரைப்பு. காய்ந்த துணியெல்லாம் கரி. பெண்கள் வைத வசவில் அவன் பெயர் எவ்வளவோ ஊர்களுக்குப் போய் வந்திருக்கும்.

பக்கிரிசாமி மட்டும் கிட்டே வந்து குனிந்து பார்த்தான்.

"சரி, எஞ்சின நீ புடிப்ப. அந்தப் பக்கம் யாருய்யா புடிக்கிறது?"

"நீதான்."

"என்னைக் கேட்டியா?"

"இப்ப கேக்குறேன்ல."

அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு ஓடை ஓரத்திலும் காட்டு விளிம்பிலும், சின்ன ரம்பத்தின் அலகு எட்டாத பெரிய மரம் எது வந்தாலும் தவுக்கே இவர்கள் இருவரையும்தான் அனுப்பினான். பழைய ரம்பம் மெதுவாகத்தான் அறுக்கும். ஆனால் நிற்காது. புது ரம்பங்கள் ரப்பர் பாலில் பிசுபிசுத்துத் திணறும் இடத்தில் இது உறுமிக்கொண்டே போகும். ஒன்று ருசி கண்டதும் இஞ்ஞாசிமுத்து அடுத்ததைத் தேடிப் போனான். அப்படித்தான் கோழிகள் வீடிழந்தன.

ரப்பர் மரம் சாய்ப்பதில் ஒரு சங்கதி உண்டு. நிரை என்கிற மர வரிசையின் தலைமாட்டில் நிற்கும் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள் ஓர் இரும்புக் கொக்கியை அறைந்து வைப்பார்கள். பசியாறத் தூக்குச்சட்டியில் கொண்டுவருவதை எறும்பு ஏறாமல் அதில் மாட்டுவது வழக்கம். ஆட்கள் மாறுவார்கள், கொக்கி அங்கேயே கிடக்கும். வருஷம் போகப் போகப் பட்டை அதை விழுங்கிவிடும். பால் வெட்டிப் பழகாத கூட்டத்துக்கு இதெல்லாம் தெரியாது, சங்கிலியைக் கொண்டுபோய் இரும்பில் மோதுவார்கள். இஞ்ஞாசிமுத்து தலைமாட்டு மரம் என்றால் முதலில் கையால் தடவுவான். கைக்குத் தட்டுப்படாமல் உள்ளே போய்விட்டதைக் காது பிடித்துவிடும். பல் இரும்பைத் தொட்டதும் ரம்பத்தின் குரல் கீச்சென்று மாறும், அந்த நொடியே நிறுத்திவிடுவான். அந்தக் காதை நம்பித்தான் பக்கிரிசாமி எதிரே நின்றான்.

அந்தக் காதுதான் போயிற்று. ஒரே நாளில் போகவில்லை. எழுபத்தெட்டு வாக்கில் முதலில் சிட்டுக்குருவிகள் பேசாமல் போயின. அப்புறம் கோயிலில் ஃபாதரின் பிரசங்கம். அது போனதில் அவனுக்குப் பெரிய வருத்தம் இல்லை. மற்றவர்கள் எழும்போது எழுந்தான், மண்டியிடும்போது மண்டியிட்டான். பேசுகிறவர் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழகினான். எஞ்சினைச் சோதிக்க ஸ்க்ரூ டிரைவரின் பிடியைப் பல்லில் கடித்து, முனையை எஞ்சின்மேல் வைப்பான். எலும்பு வழியாக ஏதோ கொஞ்சம் மண்டைக்குள் வந்தது. பார்த்தவர்கள் அதையும் அவன் கிறுக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

யாரிடமும் சொல்லவில்லை. காது கேட்காதவனை மரம் சாய்க்கும் கூட்டத்தில் எந்தத் தவுக்கேயும் வைத்துக்கொள்ள மாட்டான். மரம் முறியும்போது "சாயுது!" என்று கத்துகிற சத்தம்தான் அங்கே உயிர். இது இஞ்ஞாசிமுத்துவுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டான். ரம்பத்தை விட்டுவிட்டு அவன் என்ன செய்வான், கோழி வளர்ப்பானா? எதிரே பக்கிரிசாமி இருக்கிறான், ஒன்றும் ஆகாது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். பக்கிரிசாமிக்கு அது தெரியாது என்பதை மட்டும் வசதியாக மறந்துவிட்டான். எனக்கு அவன்மேல் எரிச்சல் வருகிற இடம் இதுதான்.

எண்பதில், மேட்டுக்காட்டின் கடைசிச் சரிவில், ஒரு தலைமாட்டு மரம். கையால் தடவினான், ஒன்றும் தட்டுப்படவில்லை. ரம்பத்தை வைத்தார்கள். அலகு பாதி உள்ளே போனதும் பல் இரும்பைக் கவ்வியது. "இரும்பு! இரும்பு!" என்று பக்கிரிசாமி கத்தினான். இஞ்ஞாசிமுத்து குனிந்த தலை நிமிரவில்லை. பக்கிரிசாமி தன் பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். அந்த இழுப்பு இந்தப் பக்கத்துக் கைக்கு வந்து சேர்ந்தது. மரம் அலகைக் கவ்வுகிறது என்று நினைத்து, இந்தப் பாவி இன்னும் அழுத்தினான். சங்கிலி அறுந்து எதிர்ப்பக்கம் வீசியது. பக்கிரிசாமியின் இடது கையில் கடைசி இரண்டு விரல்கள் அங்கேயே விழுந்தன.

ஆஸ்பத்திரியில் பக்கிரிசாமி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவன் மனைவி மருதம்மாள்தான் இஞ்ஞாசிமுத்துவின் நேரே வந்து நின்றாள்.

"கத்துனாராம்ல அண்ணே? தொண்ட கிழிய கத்துனாராம்ல? ஒங்க காது எங்க போச்சு?"

அவளுடைய வாயைப் பார்த்துக்கொண்டே நின்றான். இனி ஒளித்து என்ன ஆகப்போகிறது.

"கேக்கலம்மா. ரெண்டு வருசமாவே சரியா கேக்கல."

மருதம்மாள் முந்தானையை எடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அத சொல்லிட்டு மரத்துல கைய வச்சிருக்கலாம்ல? எதுத்தாப்ல நிக்கிறது மனுசன்தான?"

வீட்டுக்கு வந்ததும் லூர்து மேரி அவன் முகத்தைத் திருப்பி, தன் வாயைப் பார்க்கவைத்துப் பேசினாள். "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? பக்கத்துல படுக்குறவளுக்குத் தெரியாதா? நீங்களா சொல்லுவீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். நான் இருந்ததும் தப்புதான்." சொல்லிவிட்டு அழுதாள். அவனும் அழுதான்.

மறுநாளே தவுக்கேயிடம் போய், தன் காது கேட்காது என்று தானே சொல்லிவிட்டு வேலையை விட்டான். அதன்பின் புல்வெட்டி, தண்ணீர்ப் பம்பு, அடுத்தவர் ரம்பம் என்று பழுது பார்த்துப் பிழைத்தான். பழைய ரம்பங்களில் ஒற்றை ஆள் பிடிக்கக் கூடியவற்றைக் கொண்டு, விழுந்து கிடக்கும் கட்டைகளை விறகாகத் துண்டு போட்டுக் கொடுத்தான். தரையில் கிடக்கும் மரம் யார் தலையிலும் விழாது. இரண்டாள் ரம்பத்தின் அறுந்த சங்கிலியைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுச் சங்கிலி வாங்கிப் பூட்டினான். எஞ்சினை அவ்வப்போது ஓடவிட்டு அணைத்தான். அவ்வளவுதான். எதிர்க் கைப்பிடியைப் பிடிக்க ஆள் இல்லை. யாரைக் கூப்பிட்டாலும் வந்திருக்க மாட்டார்கள், கூப்பிடவும் அவனுக்கு வாய் வரவில்லை.

பக்கிரிசாமி ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்துக்குக் காவலாளாகப் போனான். ஒரே சுவர், இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். பெண்கள் கொஞ்ச நாளில் பேசிக்கொண்டார்கள். தீபாவளிக்கு முறுக்கு வந்தது, கிறிஸ்துமஸுக்குக் கேக் போனது. ஆண்கள் இருவரும் பேசவில்லை. இஞ்ஞாசிமுத்து எதிரே வந்தால் பக்கிரிசாமி தலையைக் குனிந்துகொண்டு போவான். வாயைப் பார்க்கவே முடியாது.

எண்பத்துமூன்றில் அடித்த புயல்மழையில் தோட்டத்து அந்தோணியார் கோயிலருகே நின்ற தூங்குமூஞ்சி மரம் அடியில் வெடித்துக்கொண்டது. ஒரு பக்கம் கோயில் கூரை, மறுபக்கம் கைக்குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் ஆயாக் கொட்டகை. எந்தப் பக்கம் விழுந்தாலும் கேடு. டிராக்டர் இழுத்தால் கூரையோடு வரும். தவுக்கேயின் ஆட்கள் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். அவர்களுடைய அலகு மரத்தின் பாதிக்குக்கூட எட்டாது. இரண்டு பக்கமும் தனித்தனியாக அறுத்தால் வெடிப்பு விரிந்து பிளக்கும் என்று கைவிரித்துவிட்டுப் போனார்கள். குழந்தைகளை ஒரு வீட்டு முன்றிலுக்கு மாற்றினார்கள். ஃபாதர் இஞ்ஞாசிமுத்துவிடம் வந்தார்.

"ரம்பம் இருக்கு ஃபாதர். இப்ப இழுத்தாலும் ஓடும். அந்தப் பக்கத்துக்கு ஆளு இல்ல."

"இளவட்டங்க யாரையாச்சும் கூப்பிட்டா?"

"மரம் முறியறது எனக்குக் கேக்காது. அந்தப் பக்கம் நிக்கிறவன் எனக்கும் சேத்துக் கேக்கணும். அதுக்கு ஆளு ஒருத்தர்தான். அவரு வரமாட்டாரு."

"கேட்டீங்களா?"

கேட்கவில்லை. மூன்று வருஷமாகக் கேட்கவில்லை. ஃபாதர் போனபிறகு சட்டையை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றான். மருதம்மாள் அவனைப் பார்த்ததும் உள்ளே போனாள். பக்கிரிசாமி சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு வந்தான்.

"நான் வந்து கேக்குறதுக்கு எனக்கு மொகம் இல்ல" என்றான் இஞ்ஞாசிமுத்து. குரல் தேவைக்கு மேல் பெரிதாக வந்தது. வரிசை வீடெல்லாம் கேட்டிருக்கும். "வரமாட்டேன்னு சொன்னா போயிடுறேன். புள்ளைங்க இருக்குற எடம். அதான்."

பக்கிரிசாமி அவன் முகத்தை நேராகப் பார்த்தான். வாயை நிதானமாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகப் பேசினான்.

"வரேன். நான் இழுத்தா, நீ நிறுத்தணும். ஏன்னு கேக்கக் கூடாது. அமுக்கக் கூடாது. இழுத்தா, நிறுத்து."

"சரி."

"சும்மா சரின்னு சொல்லாத. மண்டைல ஏறுச்சா?"

"ஏறுச்சு."

சனிக்கிழமை காலையில் தோட்டமே கோயிலடியில் கூடிவிட்டது. மரத்தில் கயிறு கட்டி, வெட்டவெளிப் பக்கமாக இழுத்துப் பிடிக்க ஆட்கள் நின்றார்கள். பக்கிரிசாமி மரத்தைச் சுற்றி வந்து பட்டை முழுவதும் தடவிப் பார்த்தான். பிறகு எதிர்ப்பக்கம் போய், மூன்று விரல் கையை அடியிலும் நல்ல கையை மேலேயும் வைத்துக் கைப்பிடியைப் பிடித்தான். இஞ்ஞாசிமுத்து கயிற்றை இழுத்தான். ரம்பம் உறுமியது மற்றவர்களுக்குக் கேட்டது. அவனுக்கு அது கையில் ஏறும் அதிர்வாக வந்தது.

அலகு ஒரு சாண் உள்ளே போயிருக்கும். கைப்பிடி வெடுக்கென்று இழுபட்டது. இஞ்ஞாசிமுத்து உடனே விசையை விட்டான், சங்கிலி நின்றது. எட்டிப் பார்த்தான். மரம் அசையவில்லை. பக்கிரிசாமி, ஓட்டு என்று தலையை ஆட்டினான்.

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி இழுப்பு. மறுபடி நிறுத்தினான். மறுபடியும் ஒன்றும் இல்லை. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "ரம்பம் கோளாறா, மனுசன் கோளாறா?" என்று யாரோ கேட்டார்கள். பாதி மரம் தாண்டியபோது மூன்றாவது இழுப்பு. இஞ்ஞாசிமுத்துவுக்கு வேர்வை கண்ணில் இறங்கி எரிந்தது, எரிச்சலும் வந்தது. ஆனாலும் நிறுத்தினான். ஏன் என்று கேட்கவில்லை. தலை ஆடியதும் ஓட்டினான்.

நான்காவது இழுப்பு வந்தபோது அவன் ரம்பத்தை அணைத்து நிமிர்ந்தான். பக்கிரிசாமி கையை உயர்த்தி, தன் பக்கமாக வரச் சொல்லிக் காட்டினான். வெடிப்பில் உள்ளே ஏதோ முறியத் தொடங்கியிருந்தது. எல்லாருக்கும் கேட்டது, அவனுக்குக் கேட்கவில்லை. ஓடிப் போய்ப் பக்கிரிசாமியின் பக்கத்தில் நின்றான். கயிறு பிடித்தவர்கள் ஒரே மூச்சாக இழுத்தார்கள். மரம் கோயிலையும் விட்டு, கொட்டகையையும் விட்டு, வெட்டவெளியில் போய் விழுந்தது. தரை அதிர்ந்தது அவன் காலுக்குத் தெரிந்தது.

ஆட்கள் ஓடி வந்தார்கள். ஃபாதர் அந்தோணியாருக்கு நன்றி சொன்னார். பக்கிரிசாமி அடிமரத்தில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இஞ்ஞாசிமுத்துவைத் தட்டித் திருப்பினான்.

"மொத மூணு தடவையும் சும்மாதான் இழுத்தேன். நிக்கிறியான்னு பாக்க."

இஞ்ஞாசிமுத்து அவன் வாயையே பார்த்தான்.

"மூணு தடவையும் நின்ன" என்றான் பக்கிரிசாமி. "அன்னைக்கு ஒரு தடவ நின்னிருக்கலாம்."

இஞ்ஞாசிமுத்துவுக்கு எல்லாம் புரிந்தது. ஒரு சொல் விடாமல் புரிந்தது. முகத்தைக் காட்டாமல் குனிந்து, வேலை முடிந்தது என்று எதிர்க் கைப்பிடியின் திருகைத் தளர்த்தத் தொடங்கினான். அவன் கைமேல் மூன்று விரல்கள் வந்து விழுந்தன. நிமிர்ந்து பார்த்தான்.

"அத ஏன்யா கழட்டுற?" என்றது பக்கிரிசாமியின் வாய். "இன்னும் துண்டு போட வேணாமா?"